நான்காம் வகுப்புப் பையனின் அட்டையில் மூன்று சிவப்புக் குறிப்புகள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். மகன் இந்த ஜூலையில் எட்டு வயதை முடித்தவன். ஆங்கில வழிப் பள்ளியில் நான்காம் வகுப்பு. பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள்: உயரம் 130 செ.மீ., எடை 36 கிலோ. அடியில் சிவப்பு மையில் மூன்று குறிப்புகள்: ‘எடை அதிகம்’, ‘கவனம் போதாது’, ‘வாசிப்பில் பின்தங்குகிறான்’. வகுப்பு ஆசிரியை உங்களைத் தனியே அழைத்து, ஏ.டி.எச்.டி.யாக (கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் சேர்ந்த கோளாறு) இருக்கும், மருத்துவரிடம் காட்டுங்கள் என்றிருக்கிறார். மாமியார், பிள்ளை பூசினாற்போல் இருப்பதுதான் அழகு என்கிறார். கணவர், வீட்டில் கண்டிப்பு இல்லை என்கிறார். நீங்கள் கேட்பது நான்கு: ஏ.டி.எச்.டி.தானா, மாத்திரை கொடுக்க வேண்டுமா, யாரிடம் காட்டுவது, இரவில் சோற்றை நிறுத்திவிடலாமா.

நான் குழந்தை மருத்துவன். காவிரிக் கரை ஊர் ஒன்றில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலை. அட்டையைப் பார்த்து ஏ.டி.எச்.டி. என்றோ, இல்லை என்றோ எவராலும் சொல்ல முடியாது. பள்ளி முகாமில் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிது; அந்த இரண்டு நிமிடத்தில் எடையை அளக்கலாம், கவனத்தை அளக்க முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “தூக்கத்தில் குறையே இல்லை, குறட்டை விட்டுத் தூங்குவான்.” எனக்கு அந்த வரிதான் முதல் வரி. மூன்று குறிப்புகளையும் மூன்று நோயாக எடுத்துக்கொண்டு மூன்று மருத்துவர்களிடம் அலைவதற்கு முன்னால், மூன்றுக்கும் அடியில் ஒரே காரணம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இரவிலிருந்து தொடங்குவதே சரி.

எட்டு வயதுப் பிள்ளை குறட்டை விடுவது ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளம் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சளி பிடித்த இரண்டு நாள் குறட்டை ஒன்றுமில்லை. வாரத்தில் மூன்று இரவுக்கு மேல், சளி இல்லாமலே குறட்டை என்றால் அதைப் பார்த்தாக வேண்டும். மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு சதையும் தொண்டையில் இருக்கும் டான்சிலும் இந்த வயதில் மூச்சுப்பாதையின் அகலத்தோடு ஒப்பிட்டால் பெரிதாகவே இருக்கும். அதோடு கழுத்தைச் சுற்றிக் கொழுப்பும் சேர்ந்தால் பாதை இன்னும் குறுகுகிறது. இரவில் பலமுறை மூச்சு அடைபட்டு, மூளை அரைகுறையாக விழித்து, மறுபடி தூங்குகிறது. காலையில் பிள்ளைக்கு அது எதுவும் நினைவிருக்காது. பெரியவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்தால் மறுநாள் அலுவலகத்தில் தூங்கி வழிவார்கள். பிள்ளைகள் பலர் அப்படி வழிவதில்லை. துறுதுறுவென்று ஆகிவிடுவார்கள், எரிந்து விழுவார்கள், எழுதத் தொடங்கியதைப் பாதியில் விடுவார்கள். ஆசிரியையின் கண்ணுக்கு அது ஏ.டி.எச்.டி. போலவே தெரியும், அவர்மேல் தவறு இல்லை.

ஆகவே முதல் வேலை: அவன் தூங்கி ஒரு மணி நேரம் கழித்தும், மறுபடி விடிகாலை நான்கு மணி வாக்கிலும், மொபைலில் இரண்டு இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள். முகமும் நெஞ்சும் தெரிய வேண்டும், சத்தம் கேட்க வேண்டும். வாய் திறந்திருக்கிறதா, தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்குகிறானா, குறட்டை நடுவில் நின்று பிறகு ஒரு திணறலோடு தொடங்குகிறதா, தலையணை நனையும் அளவுக்கு வியர்க்கிறதா, நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வீடியோவைப் பார்த்தாலே காது மூக்கு தொண்டை மருத்துவருக்குப் பாதி விஷயம் விளங்கிவிடும். தேவைப்பட்டால் தூக்க ஆய்வு என்ற பரிசோதனையும் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. டான்சிலை எடுத்தால் மதிப்பெண் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள 464 பிள்ளைகளை வைத்து நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தூக்கமும் பெற்றோர் சொன்ன நடத்தையும் தெளிவாக மேம்பட்டன. ஆனால் கவனத்தை அளக்கும் முறையான சோதனையில், காத்திருந்து பார்த்த பிள்ளைகளைவிட அவர்கள் குறிப்பிடத்தக்க அளவு முந்தவில்லை. மூச்சுக்காகச் செய்ய வேண்டிய அறுவையை மூச்சுக்காகவே செய்ய வேண்டும்.

குறட்டை ஒருபுறம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். நீங்களே எழுதியபடி காலை ஆறு மணிக்கு எழுப்புகிறீர்கள், ஏழு மணிக்கு வேன். மாலை நான்கரைக்கு வீடு. ஐந்தரை முதல் ஏழரை வரை டியூஷன். பிறகு வீட்டுப்பாடம், ஒன்பது மணிக்குச் சாப்பாடு, அப்பா வந்ததும் கொஞ்ச நேரம் டிவி, படுக்கும்போது பத்தே முக்கால். ஏழே கால் மணி நேரத் தூக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் தூங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016-இல் சொன்ன அளவு. குறைந்தபட்சத்தை வைத்தாலும் உங்கள் மகனுக்கு நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் கடன். ஆறு பள்ளி நாளில் பத்தரை மணி நேரம். அதாவது ஒரு முழு இரவை ஒவ்வொரு வாரமும் தொலைக்கிறான். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பும் பசியடக்கும் சுரப்பும் நிலை தடுமாறும். பிள்ளை இனிப்பையும் பொரித்ததையும் கேட்கும். எடையும் கவனமும் ஒன்றாகக் கெடுவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. டியூஷனை நிறுத்துங்கள் என்று சொன்னால் பெற்றோர் என்னை வித்தியாசமாகப் பார்ப்பார்கள் என்று தெரியும். இருந்தும் சொல்கிறேன்: நான்காம் வகுப்புக்கு இரண்டு மணி நேர டியூஷன் வேண்டியதில்லை. மூன்று மாதம் நிறுத்திப் பாருங்கள், ஒன்பது மணிக்கு விளக்கை அணையுங்கள்.

அடுத்து கண், காது, இரத்தம். பெற்றோர் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் இடம் இது. கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதில்லை என்று ஆசிரியை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பார்க்க முடிகிறதா என்று யாராவது கேட்டார்களா? கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குத் தனக்குப் பார்வை குறைவு என்று தெரியாது. உலகமே அப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று நினைத்திருக்கும். பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதும், அதற்காகத் திரும்பித் திரும்பிப் பேசும், பேசுவதற்காக அடி வாங்கும். ஏ.டி.எச்.டி. என்று எழுதிய சீட்டோடு என்னிடம் வந்த ஒரு பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்ட மறுவாரமே ஆசிரியையின் புகார் நின்றுபோனது. எல்லாருக்கும் அப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. ஆனால் கண் பரிசோதனைக்கு அரை மணி நேரம் போதும். அதைச் செய்யாமல் மனநல மதிப்பீட்டுக்குப் போவது தலைகீழ் வரிசை.

காதும் அப்படியே. அடினாய்டு வீங்கியிருந்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. கேட்பது மட்டும் தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பதும், கூப்பிட்டால் மூன்றாம் முறை திரும்புவதும் இதன் அடையாளம். குறட்டை விடும் பிள்ளைக்குக் கட்டாயம் காது கேட்கும் சோதனை செய்ய வேண்டும்.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். ஐந்து முதல் பதினொரு வயதுக்கு 11.5 கிராமுக்குக் குறைந்தால் சோகை. குண்டான பிள்ளைக்கு எப்படி இரத்தம் குறையும் என்று கேட்பார்கள். நன்றாகக் குறையும்: பாலும் பிஸ்கட்டும் வயிற்றை நிரப்பிவிட்டால் கீரைக்கும் பயறுக்கும் முட்டைக்கும் இடம் ஏது? 2016–18-இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் நான்கில் ஒருவருக்குச் சோகை இருந்தது. அரசுப் பள்ளிகளில் இந்த வயதினருக்கு வாரம் ஒன்றாக இளஞ்சிவப்பு இரும்பு மாத்திரை கொடுக்கும் திட்டம் இருக்கிறது. தனியார் பள்ளியில் படிக்கும் உங்கள் மகனுக்கு அது கிடைத்திருக்காது. இரும்பு குறைந்த பிள்ளைக்குக் கவனமும் குறையும், இரவில் காலை உதறிக்கொண்டும் தூங்கும்.

இன்னொன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். சில பிள்ளைகள் பேச்சின் நடுவில், சாப்பாட்டின் நடுவில், ஐந்து பத்து நொடி வெறித்துப் பார்த்து நிற்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் விட்ட இடத்தில் தொடரும். கனவு காண்கிறான் என்று நினைப்போம். தோளைத் தொட்டால் திரும்பினால் அது கனவு. தொட்டும் திரும்பாமல், நாளுக்குப் பலமுறை நடந்தால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். என் அறையில் ஒரு காகிதக் காற்றாடி வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் அதைப் பிள்ளையிடம் கொடுத்து மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொல்வேன். இந்த வகை வலிப்பு இருந்தால் பெரும்பாலும் என் கண் முன்னாலேயே வந்துவிடும். மருத்துவர் இல்லாமல் வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

இவ்வளவையும் பார்த்த பிறகுதான் ஏ.டி.எச்.டி. என்ற கேள்விக்கு வர வேண்டும். கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் சேர்ந்த அந்தக் கோளாறு கற்பனை அல்ல, வளர்ப்புக் கோளாறும் அல்ல. உங்கள் கணவர் சொல்லும் கண்டிப்பால் அது போகாது. கண்டிப்பில் பிள்ளை பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் அதைக் கண்டறிய விதி உண்டு. கவனக்குறைவுக்கு ஒன்பது அடையாளம், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் ஒன்பது அடையாளம். இரண்டு பட்டியலில் ஒன்றிலாவது ஆறு இருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும் என்றால் பள்ளியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் மட்டும் என்றால் வீட்டை. அதனால்தான் பெற்றோருக்கு ஒரு படிவம், ஆசிரியருக்கு ஒரு படிவம் என்று தனித்தனியே நிரப்பச் சொல்கிறோம். ஆசிரியையின் படிவம் இல்லாமல் முதல் நாளிலேயே முடிவு சொல்லும் மருத்துவரிடம் இரண்டாவது முறை போகாதீர்கள்.

“மொபைலில் விளையாடினால் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்கிறான், கவனம் இல்லாமலா?” என்று உங்கள் கணவர் கேட்கிறாராம். நொடிக்கு நொடி வெளிச்சமும் சத்தமும் பரிசும் கொடுக்கும் விளையாட்டில் எந்தப் பிள்ளையும் ஒன்றிப்போகும், ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளையும்கூட. அவர்களுடைய சிக்கல், சலிப்பான வேலையில் மனத்தை நிறுத்தி வைப்பதில்தான். மருத்துவர் முன்னால் பத்து நிமிடம் கைகட்டி உட்கார்ந்தான் என்பதும் ஒன்றையும் நிரூபிக்காது. புதிய இடத்தில் வாலுப் பையனும் சாதுவாகிவிடுவான்.

பிறந்த மாதத்தை எழுதியது நல்லதாகப் போயிற்று. நம் பள்ளிகளில் ஜூலை 31-ஐ வைத்து வயதைக் கணக்கிட்டுச் சேர்க்கிறார்கள். ஜூலையில் பிறந்தவன் அந்த வகுப்பிலேயே கடைக்குட்டி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆகஸ்ட் பிள்ளை கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவன். எட்டு வயதில் ஒரு வருடம் என்பது வாழ்ந்த ஆயுளில் எட்டில் ஒரு பங்கு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் டிசம்பர் 31-ஐ வைத்துச் சேர்க்கிறார்கள். அங்கே ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். ஜனவரியில் பிறந்த பையன்களைவிட டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு ஏ.டி.எச்.டி. என்ற முத்திரை 30 விழுக்காடு அதிகமாக விழுந்திருந்தது. பெண் பிள்ளைகளுக்கு 70 விழுக்காடு. பிறந்த மாதத்தால் நோய் வருவதில்லை. வகுப்பில் சிறியவனைப் பெரியவனோடு ஒப்பிடுவதால் வந்த வினை. படிவத்தை நிரப்பும்போது ஆசிரியைக்கு அவன் பிறந்த தேதியை நினைவூட்டுங்கள்.

மாத்திரை பற்றி. எல்லாம் பார்த்து, ஏ.டி.எச்.டி. என்று உறுதியாகி, அது அவன் படிப்பையும் நட்பையும் கெடுக்கிறது என்றால், ஆறு வயதுக்கு மேல் மாத்திரையும் பெற்றோருக்கான பயிற்சியும் வகுப்பறை மாற்றங்களும் சேர்ந்துதான் சிகிச்சை. மீத்தைல்ஃபெனிடேட் என்பது அதிகம் பயன்படும் மருந்து. பல பிள்ளைகளுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. மருந்து என்றதும் பதறி ஓடி, நான்கு வருடம் கழித்து எட்டாம் வகுப்பில் தோற்ற பிள்ளையோடு திரும்பி வந்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். இந்த வகை மருந்துகளின் கதை 1937-இல் அமெரிக்காவின் ரோட் தீவில் தொடங்கியது. சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் பிள்ளைகளின் தலைவலிக்காக பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை, பள்ளி வேலை திடீரென்று சீரானது. பிள்ளைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயர் வைத்தார்கள். ஆனால் கணக்குத் தெரியாத பிள்ளைக்கு எந்த மாத்திரையும் கணக்குச் சொல்லித்தராது. இன்னொன்று: இந்த மருந்து பசியைக் குறைக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு, எடைக்கும் சேர்த்து ஆகும் அல்லவா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். ஆகாது. பகலில் பசி அடங்கி, மருந்து இறங்கிய பிறகு இரவில் அகோரப் பசியாகத் திரும்பும் பிள்ளைகள் உண்டு. உயரம், எடை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு இவற்றை அடிக்கடி பார்த்துக்கொண்டு கொடுக்க வேண்டிய மருந்து அது.

வாசிப்புக்கு வருவோம். இதை நீங்களே வீட்டில் பாதி கண்டுபிடித்துவிடலாம். அவனுக்குத் தெரியாத ஒரு கதையை நீங்கள் தமிழில் படித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அதே அளவு எளிய இன்னொரு கதையை அவனையே படிக்கச் சொல்லி, அதையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கேட்ட கதையை அழகாகச் சொல்லி, படித்த கதையில் தடுமாறினால் அறிவில் குறையில்லை, எழுத்தோடுதான் அவனுக்கு மல்லுக்கட்டு. இரண்டிலும் தடுமாறினால் காது, மொழி, கவனம், அறிவு வளர்ச்சி என்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே செய்யுங்கள். வீட்டில் ஆங்கிலமே பேசாத பிள்ளை ஆங்கிலத்தில் மட்டும் திக்கித் திணறினால் அதைக் கற்றல் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது. பேசத் தெரியாத மொழியை வாசிக்கச் சொன்னால் யாரும் திணறுவார்கள். தமிழிலும் அப்படியே திணறினால்தான் சந்தேகம் வலுக்கும். நம் எழுத்துக்கு அதற்கே உரிய பொறிகள் உண்டு. ஒற்றெழுத்தை விழுங்கி ‘பட்டம்’ என்பதைப் ‘படம்’ என்று வாசிப்பது, ‘கொ’ என்பதில் முன்னாலும் பின்னாலும் நிற்கும் குறிகளைப் பிரித்துக்கொண்டு குழம்புவது, ஒற்றைக் கொம்பையும் இரட்டைச் சுழிக் கொம்பையும் மாற்றிப்போடுவது, நேற்று படித்த சொல்லை இன்று புதிதாகப் பார்ப்பதுபோல் எழுத்துக்கூட்டுவது. ல, ள, ழ குழப்பத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்லாதீர்கள். அந்தக் கணக்கில் செய்தி வாசிப்பவர்கள் சிலருக்கும் சான்றிதழ் கொடுக்க வேண்டிவரும். ஏழு வயது வரை ஆங்கிலத்தில் ‘பி’, ‘டி’ எழுத்துகளைத் திருப்பிப்போடுவதும் இயல்புதான்.

எழுத்து தடுமாறும் எல்லாப் பிள்ளைக்கும் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இல்லை. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்திய ஊரகப் பகுதிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 27 விழுக்காடுதான். மீதிப் பேர் எல்லாருக்கும் மூளையில் கோளாறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சரியாகச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை. ஆகவே முதலில் மூன்று மாதம், நாளுக்கு இருபது நிமிடம், எழுத்தின் ஒலியிலிருந்து தொடங்கி முறையாகச் சொல்லிக்கொடுத்துப் பார்க்கலாம். தேறினால் சரி. ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தும் ஒட்டவில்லை என்றால் மதிப்பீட்டுக்குப் போங்கள். இந்தியாவில் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை எட்டு வயதிலிருந்தே தருகிறார்கள். உங்கள் மகன் அந்த வயதை எட்டிவிட்டான். ஆர்.சி.ஐ. என்று சொல்லப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் அறிவுத்திறன் சோதனையும், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் வகுத்த கற்றல் சோதனைத் தொகுப்பும் நடத்துவார். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஓர் இனம். சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரமும், தேவைக்கேற்ப எழுதுபவரும் கிடைக்கும். சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. ஏ.டி.எச்.டி.யும் கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பதும் சாதாரணம். ஒன்று கிடைத்தது என்று மற்றொன்றைத் தேடாமல் விடக்கூடாது.

இனி எடை. இணையத்தில் கணக்குப் போட்டு, உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. எண் 21.3 வந்தது, 23-க்குள் இருக்கிறது, அப்படியானால் சரிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கு சரி: 36-ஐ 1.3-ஆல் இரண்டு முறை வகுத்தால் 21.3. பார்த்த அட்டவணைதான் தவறு, அது பெரியவர்களுடையது. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் எட்டு வயதுப் பையனின் நடு அளவு 15.7. 17.4-க்கு மேல் போனால் அதிக எடை, 19.7-க்கு மேல் உடல் பருமன். உங்கள் மகன் அந்தப் பருமன் கோட்டையும் தாண்டியிருக்கிறான். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடமும் எங்களிடம் இருக்கும். உங்கள் மருத்துவரிடம் அதில் அவனுடைய பழைய எடைகளையும் புள்ளி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எந்த வயதில் கோடு மேலே ஏறத் தொடங்கியது என்பது ஒற்றை எண்ணைவிட அதிகம் சொல்லும்.

ஆறுதலான செய்தி உயரத்தில் இருக்கிறது. எட்டு வயதுப் பையனின் சராசரி உயரம் சுமார் 127 செ.மீ.; இவன் 130. தின்று பருத்த பிள்ளைகள் வயதுக்கு மீறி உயரமாகவே இருப்பார்கள். தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறால் பருத்தவர்கள் குட்டையாக நின்றுவிடுவார்கள். ஆகவே தைராய்டுதான் காரணம் என்று நினைத்து ஆய்வகத்துக்கு ஓட வேண்டியதில்லை. ஓடிப் பார்த்து, தைராய்டுச் சோதனையில் வரும் டி.எஸ்.எச். என்ற எண் சற்றுக் கூடுதலாக வந்தாலும் பதற வேண்டாம். பருமனால் அந்த எண் கொஞ்சம் ஏறுவது உண்டு.

கழுத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். மடிப்பில் கருமையாக, வெல்வெட் துணிபோல் தடித்திருக்கிறதா? ‘எவ்வளவு தேய்த்தாலும் அழுக்குப் போகவில்லை டாக்டர்’ என்று சொல்லும் அம்மாக்கள் வாரத்துக்கு இருவராவது வருகிறார்கள். கடலை மாவு, எலுமிச்சை, பீர்க்கை நார் எல்லாம் போட்டுத் தோலை உரித்திருப்பார்கள். அது அழுக்கில்லை. உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்கவில்லை என்பதன் வெளி அடையாளம். அது இருந்தால் வெறும் வயிற்றில் சர்க்கரை, கல்லீரல் நொதி, கொழுப்பு பார்க்க வேண்டும். இரத்த அழுத்தம் எப்படியும் பார்க்க வேண்டும், அவன் கைக்குப் பொருந்தும் பட்டையால்.

இரவுச் சோறு? அதை விட்டுவிடுங்கள். சோற்றை நிறுத்தி எண்ணெய் தடவிய சப்பாத்தி நான்கு கொடுப்பதில் என்ன லாபம்? சிக்கல் மாலை நான்கரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருக்கிறது. நீங்கள் எழுதிய பட்டியல்: காலையும் மாலையும் சத்துமாவு கலந்த பால், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, கிரீம் பிஸ்கட், டியூஷன் வாசலில் சமோசா, இரவில் டிவி முன்னால் மிக்சர். நான்கு தேக்கரண்டி சர்க்கரை 20 கிராம். இந்த வயதுக்கு நாளொன்றுக்குத் தேவையான 1700 கலோரியில் சேர்த்த சர்க்கரை ஐந்து விழுக்காட்டுக்குள், அதாவது 21 கிராமுக்குள் இருப்பது மிகவும் நல்லது. டப்பாவுக்குள் இருக்கும் சர்க்கரையைக் கணக்கில் சேர்க்காமலே பாலிலேயே எல்லை வந்துவிட்டது. இந்தப் பொடிகளை ஆரோக்கிய பானம் என்ற தலைப்பில் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசே இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. வெறும் பால் குடிக்க மாட்டேன் என்றால் குடிக்க வேண்டாம், மோர் கொடுங்கள். நான்கரை மணிக்குச் சுண்டல், அவித்த கடலை, முட்டை, கொய்யா. ஏழரைக்கே இரவுச் சாப்பாடு, சோறு உட்பட, கூட்டும் பொரியலும் சோற்றுக்குச் சமமாக. இது அவனுக்கு மட்டும் தனிச் சமையலாக இருக்கக் கூடாது. தட்டில் அப்பாவுக்கு வறுவல், மகனுக்கு வெள்ளரிக்காய் என்றால் இரண்டாம் நாளே வீடு போர்க்களம்.

எடையைக் குறைக்கவும் வேண்டாம், நிறுத்தி வைத்தால் போதும். இதுதான் பெரியவர்களுக்குக் கிடைக்காத சலுகை. பிள்ளை வருடத்துக்கு ஆறு செ.மீ. வளர்வான். 36 கிலோவிலேயே நின்று 136 செ.மீ. ஆனால் பி.எம்.ஐ. 19.5, ஒன்பது வயதுக்கான பருமன் கோடு 20.5, அதற்குக் கீழே வந்துவிடுவான். இன்னொரு வருடம் போய் 142 ஆனால் 17.9, பத்து வயதில் அது இயல்பான அளவு. வருடத்துக்கு ஒரு கிலோ கூடினாலும் போகும் திசை சரிதான். மாமியார் ‘வளர வளர இளைத்துவிடுவான்’ என்று சொல்வதில் இவ்வளவு உண்மை இருக்கிறது. வளர்வதற்குள் எடையும் ஆறு கிலோ கூடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. பட்டினி போடுவது, பவுடர் குடிப்பது, வெந்தயத் தண்ணீர் எதுவும் வேண்டாம்.

விளையாட்டு நாளுக்கு ஒரு மணி நேரம், மூச்சு வாங்கும்படி. பள்ளியில் பி.டி. வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தயங்காமல் கேளுங்கள். ஓடியாடாத பிள்ளை நாற்காலியில் நெளியத்தான் செய்யும். அந்த நெளிவுக்கும் சிவப்பு மையில் ஒரு குறிப்பு விழும்.

யாரிடம் காட்டுவது? முதலில் தடுப்பூசி போட்ட உங்கள் குழந்தை மருத்துவரிடமே போங்கள். கூட்டமில்லாத நேரம் கேட்டு, அரை மணி நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிப் போங்கள். குறட்டை வீடியோ, தடுப்பூசி அட்டை, முகாம் அட்டை, தமிழ் ஆங்கிலம் கணக்கு நோட்டுகள், ஒரு வாரத்துக்கு அவன் எப்போது எழுந்தான், என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான் என்று எழுதிய தாள், ஆசிரியை கைப்பட எழுதிய ஒரு பக்கம், இவை கையில் இருக்கட்டும். கண்ணும் காதும் பார்த்த பிறகு, தேவை என்று தோன்றினால் அவரே வளர்ச்சி மருத்துவரிடமோ குழந்தை மனநல மருத்துவரிடமோ அனுப்புவார். செலவுக்குத் தயங்கினால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியிலோ ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். பதினெட்டு வயது வரை கட்டணம் இல்லாமல் பார்க்கிறார்கள்.

அவனை அழைத்துப் போகும்போது எதற்குப் போகிறோம் என்று அவனிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்: நீ நன்றாகத் தூங்குகிறாயா, நன்றாகத் தெரிகிறதா, நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்கப் போகிறோம். மற்றவற்றை அவன் வெளியில் இருக்கும்போது எங்களிடம் பேசுங்கள். ‘குண்டு’, ‘மக்கு’ என்ற இரண்டு சொல்லும் அவன் காதில் வகுப்பில் ஏற்கனவே விழுந்திருக்கும், மருத்துவர் அறையிலும் விழ வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதே தராசில் மறுபடி நிறுத்திப் பாருங்கள். ஏறும் முன் ஷூவைக் கழற்றச் சொல்லுங்கள். முகாம் அட்டையில் இருக்கும் 36 கிலோவில் ஷூவும் பெல்ட்டும் எவ்வளவு என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.